தொங்கும் வயிற்றுக்கு டம்மி டக்: முடிவெடுப்பதிலிருந்து ஆறாவது வாரம் வரை

இரண்டு சிசேரியனுக்குப் பிறகு என் அடிவயிற்றுத் தோல் தழும்புக்கு மேல் மடிந்து தொங்கியது. கோடை வந்தால் அந்த மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும், களிம்பு போட்டு ஆற்றினால் மறுபடி வரும். உடற்பயிற்சியில் எடை குறைந்தது, தோல் குறையவில்லை. கடைசியில் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், தொங்கும் தோலை வெட்டி எடுத்து வயிற்றை இறுக்கித் தைக்கும் டம்மி டக் அறுவை செய்துகொண்டேன். அறுவையைவிட, எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததுதான் பெரும்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் விளக்கவில்லை. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. இங்கே வரும் அளவுகளும் நாட்களும் பொதுவானவை. உங்கள் சர்ஜன் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. உங்கள் வயிற்றில் என்ன பிரச்சினை என்று முதலில் பாருங்கள்

வயிறு முன்னால் தள்ளித் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தொளதொளத்த தோலும் அதற்கு அடியில் இருக்கும் கொழுப்பும். இரண்டு, வயிற்றின் நடுவில் இரு பக்கமும் நெட்டுக்குத்தாக ஓடும் தசைகள் கர்ப்ப காலத்தில் விலகி, திரும்பச் சேராமல் போனது. மூன்று, குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்த கொழுப்பு. டம்மி டக் முதல் இரண்டுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் கொழுப்பை இந்த அறுவையில் தொடவே மாட்டார்கள். சாப்பாடு, நடை, எடைக் குறைப்பு ஆகியவற்றால்தான் அது இறங்கும். நம் ஊரில் பல ஆண்களுக்கு இருக்கும் கெட்டியான தொப்பை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. அவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் வயிறு தட்டையாகாது.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தலையணை இல்லாமல் மல்லாந்து படுங்கள். வயிறு தட்டையாகித் தோல் இரண்டு பக்கமும் சரிந்தால் பிரச்சினை தோலில். படுத்த பிறகும் வயிறு உயர்ந்தே நின்றால் உள் கொழுப்பு அதிகம்.

அப்புறம் முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, தலையையும் தோளையும் மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் தசை விலகியிருக்க வாய்ப்பு அதிகம். இருமும்போது தொப்புளில் ஒரு புடைப்பு வந்து போனால் அது ஹெர்னியாவாக (குடலிறக்கம்) இருக்கலாம். அதற்கு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பின்னால் இன்சூரன்ஸிலும் உதவும்.

தசை மட்டும் விலகி, தோல் நன்றாக இருந்தால் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சில மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்தால் பலருக்கு இடைவெளி குறைகிறது, வயிற்றுக்குப் பலமும் வருகிறது. யூடியூப் பார்த்து நீங்களாகவே சிட்-அப் எடுக்காதீர்கள், விலகிய தசைக்கு அது நல்லதில்லை. நைந்துபோன தோலுக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் எண்ணெயும் கிரீமும் வேலை செய்யாது.

இன்னொரு பொறி லிப்போசக்‌ஷன். செலவு குறைவு, தழும்பு சிறியது என்று இதைச் சொல்வார்கள். அது கொழுப்பை மட்டும் உறிஞ்சும். தோல் ஏற்கெனவே தொங்கினால், உள்ளே இருந்ததும் போன பிறகு இன்னும் தொங்கும்.

2. இப்போது செய்யலாமா, தள்ளிப்போடலாமா

இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தள்ளிப்போடுங்கள். அறுவைக்குப் பிறகு கர்ப்பமானால் குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் சேர்த்துத் தைத்த தசையும் இறுக்கிய தோலும் மறுபடி விரியும், செய்ததெல்லாம் வீணாகலாம்.

பிரசவம் முடிந்து குறைந்தது ஆறு மாதம், தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பல சர்ஜன்கள் வைத்திருக்கும் கணக்கு. எடை ஆறு மாதமாக ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களை ஒன்று முதல் ஒன்றரை வருடம் காத்திருக்கச் சொல்வார்கள்.

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 77 கிலோ. 35-ஐத் தாண்டினால் பல சர்ஜன்கள் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். புண் ஆறாமல் போவது, நீர் கோர்ப்பது, ரத்தம் உறைவது எல்லாம் எடையோடு கூடும் என்பதால் சொல்கிறார்கள். மறுக்காமல் தேதி கொடுக்கும் இடத்தைத் தேடிப் போகாதீர்கள்.

புகையிலை விஷயத்தில் கொஞ்சமும் சமரசம் கூடாது. அறுவைக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் சுத்தமாக நிறுத்த வேண்டும். தொப்புளுக்குக் கீழே இழுத்துத் தைக்கும் தோலுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவாகத்தான் போகும். நிகோடின் அந்த ரத்தக் குழாய்களையும் சுருக்கினால் தையல் ஓரத்தில் தோல் கறுத்து அழுகும். சிகரெட் மட்டுமில்லை, வெற்றிலையோடு போடும் புகையிலையும் நிகோடின் சூயிங்கமும் இதில் சேரும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) கட்டுக்குள் வரவேண்டும். நம் பெண்களுக்கு ரத்தசோகை மிகச் சாதாரணம். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். அதனால் ரத்தப் பரிசோதனையை இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு தடவை செய்து, தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள்.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அறுவைக்குப் பின் ஆறு வாரம் இறுக்கமான பெல்ட்டை இரவும் பகலும் போட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது பெரும் வேதனை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் செய்வது நல்லது. பிள்ளைகளின் பரீட்சை நாட்கள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. என்ன செய்வார்கள், எந்த வகை

இடுப்பின் ஒரு பக்க எலும்பிலிருந்து மறுபக்க எலும்பு வரை, சிசேரியன் தழும்பு இருக்கும் மட்டத்திலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ வெட்டுவார்கள். தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைப்பார்கள். பிறகு மேல் தோலைக் கீழே இழுத்து, மிச்சமாகும் பகுதியை வெட்டி எடுப்பார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் வந்து மூடும் தோலில் புதிதாக ஒரு துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். மொத்தம் இரண்டு முதல் நான்கு மணி நேரம், முழு மயக்கத்தில்.

தொப்புளுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தோல் தொங்கினால் மினி டம்மி டக் போதும். அதில் தொப்புளைத் தொட மாட்டார்கள். தொப்புளுக்கு மேலும் தொய்வு இருந்தால் முழு டம்மி டக். நாற்பது ஐம்பது கிலோ குறைத்தவர்களுக்குத் தழும்பு இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் வரை போகலாம், சிலருக்கு வயிற்றின் நடுவிலும் நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு விழும். மினி செலவு குறைவு என்பதற்காக அதைக் கேட்டு வாங்காதீர்கள். மேல் வயிறு தொங்குபவர் மினி செய்துகொண்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பிரசவக் கோடுகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தொப்புளுக்குக் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை வெட்டும் தோலோடு போய்விடும். மேலே இருப்பவை கீழே இறங்கி அங்கேயே இருக்கும். பழைய சிசேரியன் தழும்பும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். அதற்குப் பதிலாக அதைவிட மிக நீளமான புதுத் தழும்பு வரும், அது ஆயுளுக்கும் இருக்கும். தொங்கும் தோலைக் கொடுத்து ஒரு நீண்ட தழும்பை வாங்குகிறீர்கள். அது மனதுக்குச் சம்மதமா என்று ஒரு மாதமாவது யோசியுங்கள்.

4. சர்ஜனையும் ஆஸ்பத்திரியையும் சரிபார்ப்பது

‘காஸ்மெடிக் டாக்டர்’ என்று போர்டில் இருப்பது ஒரு தகுதி அல்ல. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவர்தானா என்று பாருங்கள். பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலோ தேடுங்கள். அங்கே எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்து, சுவரில் சான்றிதழ்கள் நிறையத் தொங்கினால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

ஆஸ்பத்திரி தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். அங்கேயே ஐசியு இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் யார், இரவில் எந்த டாக்டர் இருப்பார், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். 2024-இல் சென்னையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அழகு அறுவை என்று பெயர் இருந்தாலும் இது பெரிய அறுவைதான். மாடிக் கிளினிக்கில் செய்யும் வேலை இல்லை.

பல இடங்களில் முதலில் ‘கவுன்சிலர்’ என்று ஒருவர் பேசுவார். இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்பார். அவரிடம் எந்த முடிவும் சொல்லாதீர்கள். கத்தியைப் பிடிக்கப்போகிற சர்ஜன் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். குறைந்தது இரண்டு சர்ஜன்களைப் பாருங்கள்.

5. முதல் சந்திப்புக்குக் கையில் என்ன வேண்டும்

ஒரு ஃபைலில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்:

- ஒவ்வொரு பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி
- வயிற்றில் வேறு அறுவை நடந்திருந்தால் அதன் விவரம்
- சமீபத்திய ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன்
- இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். சித்தா, ஆயுர்வேத மருந்துகளும் சத்து மாத்திரைகளும் இதில் வரவேண்டும்
- அலர்ஜி, ஆஸ்துமா, தைராய்டு பற்றிய குறிப்பு
- வீட்டில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால் அதுவும்

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோனால் அந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியின் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட விதிமுறை சொல்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அலைக்கழிப்பது குறையும்.

இந்தக் காகிதம் ஏன் முக்கியம் என்றால், பழைய தழும்புகள் தோலுக்கு ரத்தம் போகும் வழியை மாற்றியிருக்கும். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக்காகத் திறந்து செய்த பழைய அறுவைத் தழும்பு இருந்தால் சர்ஜன் திட்டத்தையே மாற்ற வேண்டிவரும். தொப்புளில் முன்பு ஹெர்னியா அறுவை நடந்திருந்தால் தொப்புளே பிழைக்காமல் போகும் வாய்ப்பு கூடும். சின்ன விஷயம் என்று எதையும் விடாதீர்கள்.

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு எந்த வகை, ஏன்? தசையைத் தைப்பீர்களா? டிரெயின் (உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்றும் குழாய்) போடுவீர்களா? தழும்பு எங்கே வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு, புடவை கட்டுபவர்கள் பாவாடையைக் கட்டும் இடத்தைக் காட்டி அதற்குக் கீழே கோடு வருமா என்று கேளுங்கள். நாடா அழுத்தும் இடத்திலேயே தழும்பு விழுந்தால் மாதக்கணக்கில் உறுத்தும். நின்றபடி மார்க்கர் பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

6. செலவு

நான் விசாரித்த காலத்தில் சென்னையிலும் கோவையிலும் முழு டம்மி டக்குக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை சொன்னார்கள். பக்கவாட்டில் லிப்போசக்‌ஷன் சேர்த்தால் மேலே போகும். விலையைவிட அந்த விலைக்குள் என்ன அடங்கும் என்பதுதான் முக்கியம். ‘பேக்கேஜ்’ என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் வாடகை, அறை எத்தனை நாள், மருந்துகள், பெல்ட், பிறகு வந்து காட்டும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணமா, எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு, பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுவோம். ஏதாவது சிக்கலாகி மறுபடி தியேட்டருக்கு எடுத்துப் போனால் அதற்கு யார் பணம் கட்டுவது? தழும்பின் முனையில் தோல் மடிந்து நின்றால் அதைச் சரிசெய்யத் தனிக் கட்டணமா? இரண்டுக்கும் பதிலை எழுதி வாங்குங்கள்.

வரியையும் கேளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு இருக்கும் ஜிஎஸ்டி விலக்கு அழகு அறுவைக்குக் கிடையாது. பிறவிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குத்தான் விலக்கு. கொட்டேஷனில் வரி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில் பெரிய தொகை வித்தியாசம் வரும். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கேட்டால் உஷாராகுங்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கினால் உங்களுக்கும் பாதுகாப்பு.

பேக்கேஜுக்கு வெளியே வரும் செலவுகளுக்கு இன்னொரு முப்பதாயிரமாவது தனியாக வையுங்கள். முன்பரிசோதனைகள், துவைத்து மாற்ற இரண்டாவது பெல்ட், ரத்தம் உறையாமல் போடும் ஊசி (ஒன்றே சில நூறு ரூபாய்), தழும்புக்கான சிலிக்கான் ஜெல், வெளியூர்க்காரர் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கும் வாடகை, வீட்டு வேலைக்கு ஆள். வேலைக்குப் போகிறவர்கள் சம்பளமில்லா விடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

7. இன்சூரன்ஸ் எவ்வளவு உதவும்

பெரும்பாலும் உதவாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று டாக்டர் சான்றளித்தது ஆகியவை தவிர, தோற்றத்தை மாற்றும் அறுவைக்குப் பணம் இல்லை என்பது மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் பொது விலக்கு. உங்கள் பாலிசியில் ‘எக்ஸ்க்லூஷன் 08’ என்ற இடத்தில் பாருங்கள். தசை விலகல் மட்டும் என்றாலும் அழகு அறுவையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்கேனில் உண்மையாகவே ஹெர்னியா தெரிந்தால் கதை வேறு. ஹெர்னியாவைத் தைக்கும் செலவை மட்டும் தனி பில்லாகப் பிரிக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் அறுவைக்கு முன்பே கேட்டு, முன் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

இல்லாத ஹெர்னியாவை எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகும். பின்னால் குடும்பத்தில் ஒருவருக்கு உண்மையான நோய் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பணம் கையில் இல்லை, ஆனால் மடிப்பில் ஓயாத புண், ஹெர்னியா, பெரிய அளவில் தொங்கும் தோல் என்று அவதி இருக்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சென்னையில் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. ஓபி சீட்டுப் போட்டுக் காட்டி, செய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் வாய்ப்பு குறைவு, காத்திருப்பும் நீளும்.

8. அறுவைக்கு முன் நான்கு வாரம்

ரத்தப் பரிசோதனைகள், இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, வயதைப் பொறுத்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். பிறகு மயக்க மருந்து டாக்டரிடம், அறுவைக்கு உடல் தாங்கும் என்ற ஃபிட்னெஸ் சான்று வாங்க வேண்டும். அறுவைக்கு முதல் நாள் இதையெல்லாம் செய்யாமல் இரண்டு வாரம் முன்பே முடித்தால், ஏதாவது சரியில்லை என்றால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மருந்துகள் எதை எப்போது நிறுத்துவது என்று சர்ஜனிடமே கேளுங்கள். இதயத்துக்கோ ரத்த ஓட்டத்துக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சம்மதப் படிவத்தை அறுவை நாள் காலையில் நீட்டுவார்கள். அந்தப் பதற்றத்தில் யாரும் படிக்க மாட்டோம். ஒரு வாரம் முன்பே ஒரு பிரதி கேளுங்கள், தமிழில் கேளுங்கள். அதில் உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். விருப்பமில்லை என்றால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிகிச்சைப் பதிவுக்குப் படம் எடுப்பது வேறு, இன்ஸ்டாகிராமில் போடுவது வேறு.

9. வீட்டைத் தயார் செய்வது

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எல்லோரும் அவதிப்படுவதும் இதில்தான்.

முதல் பத்து நாள் இடுப்பை மடித்துக் கொஞ்சம் குனிந்தபடிதான் நடக்க முடியும், நேராக நிமிர்ந்தால் தையல் இழுக்கும். இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது. வீட்டில் வெஸ்டர்ன் இல்லை என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். தரையில் பாய் போட்டுப் படுக்கவும் முடியாது. கட்டிலில் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில் தூங்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த நைட்டி நான்கைந்து எடுத்து வையுங்கள்.

ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் கேன், சிலிண்டர், ஈரத்துணி வாளி, குக்கர், குழந்தை எல்லாமே இதில் அடக்கம். மூன்று வயதுப் பிள்ளை ‘தூக்கு’ என்று கையை நீட்டும்போது மறுப்பது வலியைவிடக் கஷ்டம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்ற இன்னொருவர் வேண்டும். பிள்ளைகள் வயிற்றின் மேல் தாவாமல் இருக்க முன்பே சொல்லிப் பழக்குங்கள். முதல் இரண்டு வாரம் முழு நேரமும் பெரியவர் ஒருவர் உங்களோடு இருக்க ஏற்பாடு இல்லை என்றால் தேதியை மாற்றுங்கள்.

சொந்தக்காரர்களிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி எண், மருந்துப் பட்டியல், எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும் என்பதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

10. அறுவை நாள்

திட உணவு ஆறு மணி நேரம் முன்பும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்துவது வழக்கம். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரத்தைப் பின்பற்றுங்கள். நின்றபடி சர்ஜன் கோடு வரைவார். முன்பு பேசியதும் இதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள், மாற்றம் கேட்க அதுதான் கடைசி வாய்ப்பு.

கண் விழிக்கும்போது சிறுநீர்க் குழாய், வயிற்றின் கீழே ஒன்றிரண்டு டிரெயின் குழாய்கள், பெல்ட், காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் எல்லாம் இருக்கும். அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்கவிடுவார்கள். மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். அழகு அறுவைகளில் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாலு அடி நடப்பது அதைத் தடுக்கும் மருந்து. பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வெளியூர்க்காரர்கள் அன்றே பஸ்ஸில் ஏற வேண்டாம். திருச்சிக்கு ஐந்தாறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வருவது மேலே சொன்ன அபாயத்தை இன்னும் கூட்டும். வயிற்றிலுள்ள டிரெயின் குழாயை எடுக்கும் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கி, பிறகு சர்ஜன் அனுமதியோடு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடந்து வாருங்கள்.

11. முதல் பத்து நாள்

டிரெயின் பாட்டிலில் சேரும் திரவத்தைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். முதலில் சிவப்பாக இருந்து போகப் போக வைக்கோல் நிறமாக மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது பல சர்ஜன்களின் வழக்கம். ஒரு வாரம், சில சமயம் இன்னும் கூடுதலாக ஆகலாம்.

வலி மாத்திரையை வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதில் பயனில்லை, சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள். மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தசைத் தையலுக்கு ஆபத்து. முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாளி, கீரை, டாக்டர் சொன்னால் இசப்கோல் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் குடிக்காதே, முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் புண் ஆறப் புரதம் கட்டாயம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எதையும் குறைக்காதீர்கள். உப்பும் ஊறுகாயும் அப்பளமும்தான் குறைய வேண்டும், வீக்கம் குறையும்.

12. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை

மெதுவாக நிமிர முடியும். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு முதல் மூன்று வாரத்தில் போகலாம், நின்றபடி வேலை செய்பவர்களும் தூக்கி இறக்குபவர்களும் ஆறு வாரம் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழில் நாட்களோடு ‘எடை தூக்கக் கூடாது’ என்றும் எழுதி வாங்குங்கள், ஆபீஸில் உதவும். ஸ்கூட்டர் ஓட்டுவதைச் சர்ஜன் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள், நம் தெரு வேகத்தடைகளில் வயிறு குலுங்குவது தாங்காது.

மூன்றாவது வாரம் மனம் சோர்ந்துபோகும். வீக்கம் இருக்கும், தொப்புள் விநோதமாகத் தெரியும், தழும்பு சிவந்து கிடக்கும், இதற்கா இவ்வளவு செலவழித்தோம் என்று அழுகை வரும். அது பலருக்கும் வருவதுதான். வீக்கம் வடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், மாலையில் கூடிக் காலையில் குறையும். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போயிருப்பது மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஓர் இடத்தில் நிரந்தரமாகவே இருக்கும். அங்கே ஹாட் பேக் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

டிரெயின் எடுத்த பிறகு வயிற்றில் தண்ணீர்ப் பை குலுங்குவது போல் இருந்தால் நீர் கோர்த்திருக்கிறது. இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல் இதுதான். கிளினிக்கிலேயே ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், சில தடவை எடுக்க வேண்டிவரலாம். தானாக வற்றும் என்று விட்டுவிடாதீர்கள்.

13. எதற்கு உடனே ஓட வேண்டும்

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி: இவற்றுக்கு சர்ஜனின் ஃபோனுக்குக் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைத்துப் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று வீங்குவது, டிரெயினில் திடீரென்று நிறைய ரத்தம், தையல் ஓரத்திலோ தொப்புளிலோ தோல் கறுப்பது, நாற்றத்தோடு கசிவு இவற்றுக்கு அன்றே சர்ஜனைப் பாருங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

14. தழும்பும் மிச்ச வேலையும்

புண் முழுவதும் மூடிய பிறகு, சர்ஜன் சொன்னதும் சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட் தொடங்குங்கள். சில மாதங்கள் விடாமல் போட வேண்டும். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து எழும்புவது கூடுதல். காது குத்திய இடத்திலோ பழைய சிசேரியன் தழும்பிலோ உங்களுக்குத் தடிப்பு வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக் கட்டுப்படுத்தலாம். தழும்பு முதல் ஆறு மாதம் சிவந்தும் கறுத்தும் இருந்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும்.

தழும்பின் இரு முனையிலும் தோல் சிறிதாகக் குவிந்து நின்றால் உடனே சரிசெய்யச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், பெரும்பாலும் தானாகத் தணியும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்தும் இருந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் சின்னதாக வெட்டித் தைத்துவிடலாம். அன்றைக்குப் போகும்போது, கட்டணம் பற்றி ஆரம்பத்தில் எழுதி வாங்கிய காகிதத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள்.